நோயாளியின் தொழில் என்ன?

ஆஸ்பத்திரிச் சீட்டிலும் சுகாதாரப் பதிவேட்டிலும் பெயர், வயது, ஊர் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் "தொழில்" என்றொரு கட்டம் உண்டு. மொழிபெயர்ப்பு அலுவலின் பொருட்டு இத்தகைய படிவங்கள் பலவற்றைத் தமிழாக்கியிருக்கிறேன். நிரப்பப்பட்ட படிவங்களைப் பார்க்கும் வாய்ப்பும் எப்போதாவது கிட்டுவதுண்டு. அவற்றில் அந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் "கூலி" என்னும் ஒரே சொல் நிரப்பியிருக்கும். பெண்களாயின் "வீட்டு வேலை". குழந்தைகளாயின் ஒரு சிறு கோடு.

கூலி என்பது ஒரு தொழிலின் பெயரன்று. ஊதியம் பெறும் முறையின் பெயர். பழைய பாட்டரித் தகடுகளை உருக்குபவரும், கல் உடைப்பவரும், வயலில் பூச்சிமருந்து தெளிப்பவரும் கூலிதான் பெறுகின்றனர். அவர்களுடைய உடம்பில் சேரும் நஞ்சு மட்டும் ஒன்றன்று. இத்தாலி நாட்டு வைத்தியர் ராமட்சீனி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில், வைத்தியர் நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "உமது தொழில் என்ன?" என்பதையும் சேர்க்க வேண்டும் என்று கூறினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அக்கேள்வியைக் கேட்டு முழு விடையையும் எழுதிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை என்பது என் எண்ணம். இதனால் நேரும் தீங்கு எத்தகையது என்பதைப் பெங்களூரில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர் துப்பில் வெங்கடேஷ். ரத்தத்தில் கலந்துள்ள காரீயத்தை அளப்பதையும், அது எங்கிருந்து வந்தது என்று தேடிச் செல்வதையும் அவர் தம் ஆராய்ச்சி வாழ்வின் பெரும் பகுதியாகக் கொண்டார். பத்திரிகைகள் அவரை இந்தியாவின் காரீய மனிதர் என்றே குறிப்பிட்டன. ரத்தப் பரிசோதனை செய்யும் ஒருவர் குழாயிலுள்ள எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடலாம். அவ்வளவோடு அவருடைய கடமை முடிந்தது என்றே உலகம் கொள்ளும். அந்த எண்ணைப் பின்தொடர்ந்து நோயாளியின் வீட்டுச் சுவர், அடுப்படி, தகப்பனாரின் பட்டறை ஆகியவற்றுக்குச் செல்வதே சூழ்நிலையையும் தொழிலையும் ஆராய்பவரின் வேலை. பெங்களூரில் அவர் முன்னின்று நடத்திய காரீய நஞ்சு ஆலோசனை மையம் இந்த முறையைத்தான் பின்பற்றியது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துண்டுப் பிரசுரத்தை மொழிபெயர்த்தபோது, நான் இந்த உலோகத்தை வெறுமனே "ஈயம்" என்று எழுதிவிட்டேன். ஓர் ஆசிரியை அதைப் படித்துவிட்டுத் தம் மாமியார் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை எறிந்துவிட வேண்டுமா என்று கேட்டு எழுதினார். பிழை என்னுடையது. தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் ஈயமும் வெள்ளீயம். பாட்டரியிலும் மீன்வலைக் குண்டிலும் இருப்பது காரீயம்; நஞ்சு இதுதான். (வெள்ளீயத்தில் மலிவுக்காகக் காரீயத்தைக் கலப்பவரும் உண்டு, ஆகையால் ஆசிரியையின் கேள்வி அப்படியொன்றும் வேடிக்கையானதன்று.) பென்சிலின் நடுவேயுள்ள கரிய குச்சியோ இவ்விரண்டுமல்ல; அது கிராஃபைட் என்னும் ஒருவகைக் கரி. அச்சுறுத்த வேண்டாத இடத்தில் அச்சுறுத்தி, எச்சரிக்க வேண்டிய இடத்தில் வாளாவிருந்தது என் மொழிபெயர்ப்பு. அதுமுதல் காரீயம் என்றே எழுதி வருகிறேன். களப் பணியாளர்களும் அவ்வாறே சொல்லிப் பழக வேண்டுகிறேன்.

1997 முதல் 1999 வரை, ஜார்ஜ் அறக்கட்டளையின் ஆதரவில், பெங்களூர், சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி, ஹைதராபாத் முதலிய நகரங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. அப்போது உலகில் எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்பட்ட அளவு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது நூறு மில்லிலிட்டரில், 10 மைக்ரோகிராம் காரீயம். ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம் என்றால், இந்த எல்லை எவ்வளவு நுண்ணியது என்பதை ஊகிக்கலாம். பரிசோதிக்கப்பட்ட பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த எல்லையைத் தாண்டியிருந்தனர். இம்முடிவுகளை முன்வைத்து 1999 பிப்ரவரியில் பெங்களூரில் காரீய நஞ்சைப் பற்றிய சர்வதேச மாநாடு ஒன்று நடைபெற்றது. மறு ஆண்டில் காரீயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனையினின்றும் நீக்கப்பட்டது. மாநாட்டினால் மட்டுமே இது நிகழ்ந்தது என்பது மிகையாகும். தில்லி வாகனப் புகையைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகளும், 1994 முதலே படிப்படியாக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளும் அதற்கு வழி வகுத்திருந்தன. எனினும் குழந்தைகளின் ரத்தத்திலிருந்து எடுத்த எண்ணுக்கு உரிய வலிமை வேறெந்த வாதத்துக்கும் இல்லை. அந்த எண்ணிக்கையை எடுக்க ஒரு தனியார் அறக்கட்டளை முன்வர வேண்டியிருந்தது என்பதை அரசாங்க ஊழியனாகிய நான் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

காரீயம் உடம்பில் செய்யும் வேலையை ஆசிரியர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாந்து ஏற்றுக்கொள்கிறது. வயது வந்தவர் விழுங்கும் காரீயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ரத்தத்தில் சேரும். சிறு குழந்தையின் குடலோ பாதியளவுகூட உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையாயின் இன்னும் அதிகம். ஆக, ஏழைக் குழந்தைக்கு இரட்டைத் தண்டனை. ரத்தத்தில் கலந்தது ஒரு மாத காலத்தில் பாதியாகக் குறைந்தாலும், எலும்பில் போய்ப் படிந்தது பல்லாண்டுகள் அங்கேயே தங்குகிறது. பிற்காலத்தில் ஒரு பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து அது மீண்டும் ரத்தத்துக்கு வந்து கருவிலுள்ள குழந்தையையும் எட்டுகிறது. ரத்தத்தின் செந்நிறப் பொருள் உண்டாவதை அது தடை செய்வதால் சோகை ஏற்படும். அதைக் கண்டவர்கள் உணவுக் குறை என்று கருதி இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாத்திரை தீங்கன்று, மூலகாரணம் மட்டும் மறைந்தே கிடக்கும்.

மூளைக்கு நேரும் கேடு இதனினும் பெரிது. வயிற்றுவலி, வாந்தி, வலிப்பு போன்ற வெளிப்படையான அறிகுறிகள் மிகுந்த நஞ்சேற்றத்தில்தான் தோன்றும். குறைந்த அளவில் தோன்றுவன கவனம் சிதறுதல், படித்ததை மறத்தல், பொறுமையின்மை, எளிதில் சினங்கொள்ளுதல் ஆகியவை. வகுப்பறையில் இவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் வேறு: மந்தம், சோம்பல், அடங்காமை. அமெரிக்க வைத்தியர் ஹெர்பர்ட் நீடில்மேன் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து அவற்றிலுள்ள காரீயத்தை அளந்து, 1979-இல் முடிவுகளை வெளியிட்டார். நோயின் அடையாளம் எதுவுமே இல்லாத குழந்தைகளிடையேயும், பல்லில் காரீயம் மிகுந்தவர்கள் அறிவுச் சோதனைகளில் பின்தங்கினர். ஆசிரியர்களும் அவர்களைக் கவனமற்றவர்கள் என்றே மதிப்பிட்டிருந்தனர். ஆசிரியரின் அன்றாட மதிப்பீடு அங்கே ஆராய்ச்சிச் சான்றாயிற்று. பின்தங்கும் பிள்ளைகள் எல்லோரும் காரீயத்தால் பின்தங்குகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பசியும், கண்பார்வைக் குறையும், பயமும் காரணமாகலாம். இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும் என்ற நினைவு இருந்தால் பிரம்பை எடுக்கும் கை சற்றே தயங்கும்.

நான் குடியிருக்கும் பகுதியில் பாட்டரி பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் நல்ல உழைப்பாளி; வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மின்சாரம் நின்றுபோகும் வீடுகளுக்கெல்லாம் இன்வெர்ட்டர் பாட்டரியைச் சீர்செய்து தருபவர் அவரே. எங்கள் வீட்டுக்கும் அவர்தான். பள்ளி விட்டதும் அவருடைய ஏழு வயது மகன் கடைக்கு வந்துவிடுவான். தகடுகளைப் பிரிக்கும் பலகையின் ஓரத்தில் அமர்ந்து எழுதுவான். அங்கேயே பன்னும் தேநீரும். காரீயத்தைப் பற்றிய பிரசுரங்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே நான் அந்தக் கடையைத் தாண்டி அலுவலகம் சென்று வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏடு வேறு, தெரு வேறு என்றிருந்தது. ஒருநாள் அவரே, பையனுக்கு ஓயாமல் வயிறு வலிக்கிறது, சோகை என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கவனமில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லி வருந்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையனின் ரத்தத்தைக் காரீயத்துக்காகப் பரிசோதிக்கச் செய்தோம். அந்த எண்ணை இங்கே எழுதி யாரையும் அச்சுறுத்த விரும்பவில்லை. இன்று கவலைக்குரிய எல்லையாகக் கொள்ளப்படும் 5 மைக்ரோகிராமைப் பல மடங்கு கடந்திருந்தது. மருத்துவரிடம் அவன் மும்முறை சென்றிருக்கிறான். மாலை வேளைகளில் எங்கே இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெட்ரோலிலிருந்து காரீயம் போய்விட்டதே, இன்னும் ஏன் இந்தக் கவலை என்று வினவுவோருக்கு அந்தக் கடையே விடை. உலகில் இன்று பயன்படும் காரீயத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் பாட்டரிகளுக்கே செல்கிறது. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவது பற்றி 2001-இலும் 2022-இலும் விதிகள் செய்யப்பட்டுள்ளன. ஆனால் அனுமதி பெற்ற ஆலைகளுக்கு வெளியே, கொல்லைப்புறங்களில் உருக்குவது நின்றபாடில்லை. வீட்டு வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2016-இல் வெளியிடப்பட்டது. அதற்கு முன் பூசிய வர்ணம் பள்ளிச் சுவர்களிலும் சன்னல் கம்பிகளிலும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 80 கோடி வரையிலான குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ உள்ளது. அவர்களில் பெருந்தொகையினர் நம் நாட்டவர்.

இந்தத் துறையில் ஆராய்ச்சி வாழ்வு என்பது எத்தகையது என்பதற்கு அமெரிக்காவின் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையாரை நினைவுகூரலாம். 1910-ஐ ஒட்டி இல்லினாய் மாகாணத்தில் காரீயத் தொழில்களை ஆராயப் புகுந்த அவர், ஆலை முதலாளிகளின் பதிவேடுகளோடு நிற்கவில்லை. தொழிலாளரின் வீடுகளுக்குச் சென்றார். ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் புரட்டினார். மருந்துக் கடைக்காரர்களையும் விசாரித்தார். கை கழுவாமல் உண்பதால் நோய் வருகிறது, ஆகவே குற்றம் தொழிலாளியுடையதே என்பது அக்கால முதலாளிகளின் சமாதானம். காற்றில் பறக்கும் தூசும் புகையுமே முதற்காரணம் என்று அவர் நிலைநாட்டினார். 1919-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியராக நியமிக்கப்பட்டும், பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கவும் ஆசிரியர் சங்கத்தில் நுழையவும் அவருக்கு அனுமதி இல்லை. 1935-இல் ஓய்வு பெறும்வரை உதவிப் பேராசிரியராகவே வைக்கப்பட்டிருந்தார். 1925-இல் பெட்ரோலில் காரீயம் கலப்பதைப் பற்றி வாஷிங்டனில் கூடிய கூட்டத்தில் அதை எதிர்த்துப் பேசியவர்களுள் அவரும் ஒருவர். அவர் சொல் ஏறவில்லை. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா அந்தப் பெட்ரோலை விற்பதை நிறுத்தியது 2021-இல். இடையில் கழிந்தவை 96 ஆண்டுகள். மற்றத் துறைகளில் ஆராய்ச்சியாளர் தம் கண்டுபிடிப்பைக் கையிலெடுத்துக் காட்டலாம். இத்துறையில் வெற்றி பெற்றால், நோய் வராத குழந்தை ஒன்று தெருவில் ஓடும். அது தன்னால் என்று யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலின் கதையும் இங்கே ஒப்பிடத் தக்கது. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோஸிஸ் நோயைப் பற்றி 1940-களில் அங்கே விரிவான ஆராய்ச்சி நடந்தது. காப்லன் என்ற வைத்தியரும் அவருடைய துணையாளரும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தனர்; நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் கண்டிருந்தது. அத்தொழிலாளரில் மிகப் பலர் தமிழர். இவ்வளவு பேரை ஒருசேரப் பரிசோதிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு: சுரங்கத்துக்கென்று ஆஸ்பத்திரி இருந்தது, எக்ஸ்ரே கருவி இருந்தது, எவர் எத்தனை ஆண்டு எந்த ஆழத்தில் வேலை செய்தார் என்று காட்டும் ஏடுகள் இருந்தன. கொடுமை நிறைந்த வேலைதான். ஆயினும் எண்ணப்பட்ட கொடுமை. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் அந்த ஏடுகளில் புதிய வரி ஏறுவதில்லை. நோயோ வேலையை விட்ட பிறகும் வளரக்கூடியது.

தெருவோரப் பட்டறைக்கு ஆஸ்பத்திரியும் இல்லை, ஏடும் இல்லை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அங்கே வருவதில்லை. இரண்டு பேர் வேலை செய்யும் கடையைத் தொழிற்சாலைச் சட்டம் தொட்டதுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தொழில்சார் சுகாதார வட்டார நிலையம் 1977 முதல் பெங்களூரில் இருக்கிறது. ஆயினும் ஒரு நிலையத்தின் விஞ்ஞானிகள் தென்னாட்டின் தெருக்களையெல்லாம் சுற்றிவர முடியுமா? அந்த வாசற்படிகளை மாதந்தோறும் மிதிப்பவர்கள் கிராம சுகாதார ஊழியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களுமே. அந்த வீட்டுப் பிள்ளைகளை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியர். ஆகவேதான் ஆராய்ச்சியின் முதற்படி ஆராய்ச்சிக்கூடத்தில் இல்லை, உங்கள் பதிவேட்டில் இருக்கிறது என்கிறேன். "கூலி" என்று எழுதுவதற்குப் பதிலாகப் "பழைய பாட்டரி உடைத்தல், வீட்டின் பின்புறம், ஐந்து ஆண்டுகளாக" என்று எழுத அரை நிமிஷம் கூடுதலாக ஆகும். தகப்பனார் வேலைத் துணியோடு வீடு திரும்புகிறாரா, அத்துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கிறார்களா என்று கேட்க இன்னும் அரை நிமிஷம்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. எழுதிவிட்டு என்ன செய்வது? ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்தக் காரீயத்தை அளக்க வசதி இல்லையே? உண்மைதான்; இதில் அரசாங்கம் செய்ய வேண்டியது மிகுதி. விரல் நுனியில் எடுத்த சில துளி ரத்தத்தைக்கொண்டு சில நிமிஷங்களில் அளவைக் காட்டும் சிறு கருவிகள் வந்துள்ளன. விரலை முதலில் சோப்பிட்டு நன்றாகக் கழுவாவிடில் தோலில் ஒட்டிய காரீயமே பொய்க் கணக்குக் காட்டிவிடும்; மிகுதியாகக் காட்டினால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். இத்தகைய கருவி ஒன்று மாவட்டத்துக்கு ஒன்றாவது இருப்பது ஆடம்பரமாகாது. நம் அண்டை நாடாகிய வங்காள தேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பூட்டக் காரீயக் குரோமேட்டுக் கலப்பதை 2019-இல் ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர்; அரசாங்கம் கடைவீதியில் இறங்கிச் சோதித்துத் தண்டிக்கவே, 2021-க்குள் சந்தையில் எடுத்த மாதிரிகளில் அக்கலப்படம் மறைந்துவிட்டது. அளந்து பார்த்ததனால் வந்த பயன் அது.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. தொழிலை எழுதிக்கொள்வது பிழைப்பைப் பறிப்பதற்கான முதற்படி என்று அந்தக் குடும்பம் கருதிவிட்டால், அடுத்த முறை உண்மையான விடை கிடைக்காது. எங்கள் தெருக் கடைக்காரரிடம் கடையை மூடச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவரிடம் பாட்டரியைப் பழுது பார்க்கக் கொடுப்பவனும் நானே. பையனின் மாலை நேரத்தை அத்தை வீட்டுக்கு மாற்றினார்கள். கடையைத் துடைப்பத்தால் கூட்டுவதை விடுத்து ஈரத் துணியால் துடைக்கிறார்கள். வேலைச் சட்டை கடையிலேயே ஆணியில் தொங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தைப் பார்க்கிறார்கள். எண் இறங்கிக்கொண்டிருக்கிறது, மெதுவாக.

அண்மையில் களப் பணியாளருக்கான படிவம் ஒன்று மொழிபெயர்ப்புக்கு என்னிடம் வந்தது. மூலத்தில் ஒரே சொல்லாக இருந்த "தொழில்" கட்டத்தின் கீழே, "கூலி எனில் என்ன வேலை, எந்த இடத்தில், குழந்தையெனில் பள்ளி விட்டபின் எங்கே இருக்கிறது" என்று ஒரு வரியைச் சேர்க்கலாமா என்று மேலதிகாரிக்குக் குறிப்பு அனுப்பினேன். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளனுக்கு முறையன்று. ஆகையால் அனுமதி கேட்டேன். அச்சுப்படி இன்னும் திரும்பி வரவில்லை.